கோயில்காட்டை ஒட்டிய எட்டு ஏக்கர்: தைலமரமா, அடர்வனமா, தானாக வளர விடுவதா?

எங்கள் ஊர் ஐயனார் கோயில்காட்டின் தென்புறத்தில் ஊருக்குப் பொதுவான நிலம் எட்டு ஏக்கர் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதில் தைலமரந்தான் நின்றது. சென்ற கோடையில் கடைசி வெட்டு முடிந்து, பட்டை உரித்த கட்டைகள் லாரி ஏறிப் போன பிறகு, அங்கே அடிக்கட்டைகளும் அவற்றின் இடுக்குகளில் தலைகாட்டத் தொடங்கியிருக்கும் சீமைக்கருவேலமுமே எஞ்சியுள்ளன. குத்தகைக் காலம் முடிந்துவிட்டதால் நிலத்தை இனி என்ன செய்வது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. மறுபடியும் தைலமரத்துக்கே விடலாம் என்றார்கள் சிலர். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளிடம் புள்ளிவரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் போடும் வரி) வாங்கி, ஜப்பானிய முறையில் அடர்வனம் அமைக்கலாம் என்றார்கள் இளையவர்கள். வேலியை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், காடு தானாக வரும் என்று கோயில் பூசாரியான வேளார் சொன்னபோது கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். மூன்றையும் சீர்தூக்கி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இதே கேள்வியை எதிர்கொண்ட மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள், அது எப்படி முடிந்தது என்று படித்துப் பார்த்தபின், வேளார் சொன்னதில் சிரிக்க எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஆவணிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்து தீர்ந்துவிடுகிறது. எங்கள் நிலத்தில் ஓரடி தோண்டினால் கடப்பாரை செம்புறாங்கல்லில் மோதும். இப்படிப்பட்ட மண்ணுக்கும் மழைக்கும் உரிய காட்டைத் தாவரவியலார் உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துகிறார்கள். வீரை, காசா, உலக்கைப்பாலை, குருந்து, நாவல் என்று அதில் நிற்கும் மரங்கள் வானளாவ உயர்வதில்லை; ஆனால் தடித்த சிறிய இலைகளை அக்கினி நட்சத்திரத்திலும் உதிர்க்காமல் வைத்துக்கொண்டு நிழல் தருகின்றன. சோழமண்டலக் கரையோரம் நெடுகப் பரவியிருந்த இந்தக் காடு இன்று பெரும்பாலும் கோயில்களைச் சுற்றித் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு அவற்றுள் பெயர்பெற்றது. எங்களுடையது நான்கு ஏக்கர்தான். என்றாலும் வெட்டவெளியிலிருந்து அதற்குள் பத்தடி நடந்தால் காலடியில் சூடு குறைவதை உணரலாம். பழைய புரவி எடுப்புத் திருவிழாக்களில் ஐயனாருக்கு வைத்த மண்குதிரைகளில் ஒன்றின் முன்காலை வீரை வேர் வளைத்துப் பிடித்திருப்பதையும் காணலாம். இந்த முடிவில் வேறு எதைக் காட்டிலும் இதற்கே எடை அதிகம் என்பது என் கருத்து: எட்டு ஏக்கரின் ஒரு விளிம்பு முழுவதும் உயிருள்ள விதைக்களஞ்சியம் ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எவ்வளவு புள்ளிவரி போட்டாலும் அதை விலைக்கு வாங்க முடியாது.

தைலமரத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை காகிதக் கூழுக்கு வெட்டினால் பணம் வரும். அடிக்கட்டை மறுபடி துளிர்ப்பதால் திரும்ப நடும் செலவும் இல்லை. ஆடு அதன் இலையைக் கடிக்காது. தண்ணீர் ஊற்றவோ காவல் வைக்கவோ வேண்டியதில்லை. கோயில் திருப்பணிக்கும் ஊருணிப் படித்துறைக்கும் இந்தக் குத்தகைப் பணந்தான் உதவியது என்பதை மறைக்கக் கூடாது. நீர்ப் பிரச்சினையில்தான் வாதம் சூடாகிறது. கர்நாடகத்தின் ஒசகோட்டேயில் இயன் கால்டர் என்ற ஆங்கிலேய நீரியலாளரின் குழு 1990களில் அளந்து பார்த்தபோது, இளம் தைலமரத் தோப்பு பெய்த மழையைவிட அதிகமான நீரைச் செலவிட்டது தெரியவந்தது. வேர்கள் ஆண்டுதோறும் ஆழத்துக்கு இறங்கி, மண்ணில் முன்பே சேர்ந்திருந்த ஈரத்தை உறிஞ்சியதே அதற்குக் காரணம். மண் ஆழமில்லாத மற்ற இடங்களில் தைலமரம் இயற்கைக் காட்டைவிடக் கூடுதலாகக் குடிக்கவில்லை என்பதையும் அதே குழுவினர் பதிவு செய்தார்கள். ஆகவே கோயில் கிணறு வற்றியதற்குத் தைலமரம் மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அதே காலத்தில் ஊரைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின. ஆயினும் கர்நாடக அரசு 2017இல் தைலமரம் புதிதாக நடுவதற்குத் தடை விதித்ததும், தென்னாப்பிரிக்கா 1995இலிருந்து நீரைக் குடிக்கும் அயல்மரங்களை வெட்டி அகற்றுவதையே ஒரு வேலைவாய்ப்புத் திட்டமாக நடத்திவருவதும் யோசிக்க வைக்கின்றன.

நீரைப் பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும், தைலமரத் தோப்பு காடாகாது என்பதில் ஐயமில்லை. 350 மில்லியன் ஹெக்டேரில் காடுகளை மீட்பதாக உலக நாடுகள் கூடி வகுத்த இலக்கில், அவை அளித்த வாக்குறுதிகளின் பரப்பில் ஏறக்குறைய 45 விழுக்காடு வணிகத் தோப்புகளே என்று 2019இல் சைமன் லூயிஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த நிலங்களில் இயற்கைக் காடு வளர விட்டால் தோப்பைப் போல 40 மடங்கு கரியை (கார்பனை) சேமிக்கும் என்பது அவர்கள் கணக்கு. தோப்பில் சேர்ந்ததெல்லாம் வெட்டு முடிந்ததும் காகிதமாகிச் சில ஆண்டுகளில் காற்றுக்கே திரும்பிவிடுவதுதான் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம்.

தைலமரத்துக்குப் பதில் தேக்கு வைக்கலாம் என்ற குரலும் கூட்டத்தில் எழுந்தது. நம் ஊர் வீடுகளின் தூணும் நிலையும் பர்மாத் தேக்கு என்பதால் அந்த மரத்தின் மீது நமக்கு ஒரு வாஞ்சை உண்டு. அந்தத் தேக்கு எங்கே விளைந்தது என்று அதிகம் பேர் யோசிப்பதில்லை. 1856இல் பர்மாவின் பெகு வட்டாரத் தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்ற டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர், வெட்டுவதற்கும் வளர்ப்பதற்கும் கணக்கு வைக்கும் முறையை அங்கேதான் உருவாக்கினார். பின்னர் இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைவரானார். மலைவாழ் மக்கள் பயிரிடும் புனத்திலேயே தேக்கையும் விதைக்கச் செய்த டவுங்யா முறையும் அங்கிருந்து வந்ததே. நம் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன நாட்டின் ஈரமும் ஆழமும் கொண்ட மண்ணில் வளர்ந்த மரம் அது. செம்புறாங்கல்லின் மேல் அது குச்சியாகவே நிற்கும். ஆகவே தேக்கை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

அடர்வனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனெனில் பணம் தர முன்வந்திருப்பவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். இம்முறையை வகுத்த அகிரா மியாவாக்கி 1928இல் பிறந்து 2021இல் மறைந்த ஜப்பானியத் தாவரவியலாளர். இயற்கையாக ஓரிடத்தில் எந்தக் காடு நிற்க வேண்டும் என்பதைக் கண்டறியும் கலையை ஜெர்மனியில் ராய்ன்ஹோல்ட் டூக்சனிடம் பயின்ற அவர், ஊர் திரும்பியதும் அதற்கான விடையை ஜப்பானின் ஷிண்டோ சமயக் கோயில்களைச் சுற்றியிருந்த சிறு காடுகளில் கண்டார். தெய்வத்துக்கு அஞ்சி யாரும் கோடரி வைக்காத அந்தக் காடுகள் நம் கோயில்காடுகளின் உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம். அந்த மரங்களின் கன்றுகளை வளர்த்து, நன்கு கொத்திப் பதப்படுத்திய மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு என்று நெருக்கி நட்டு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் களையெடுத்துப் பராமரித்தால், ஒளிக்குப் போட்டியிட்டுக் கன்றுகள் விரைந்து உயரும் என்பதே முறையின் சாரம். 1970களின் தொடக்கத்தில் இரும்பாலை வளாகங்களைச் சுற்றி அவர் நட்டவை உண்மையாகவே காடாயின.

அந்த முறையைப் பிறப்பித்த நாட்டில் ஆண்டு முழுவதும் மழை உண்டு என்பதை நம் ஊரில் அடர்வனம் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள். கோடை வறட்சி மிக்க சார்டீனியாத் தீவில் இதே முறையைச் சிறிது மாற்றிச் செய்து பார்த்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட கன்றுகள் பட்டுப்போனதாக 2011இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஆனாலும் வழக்கமான முறையில் நட்ட இடங்களைவிட அங்கே பசுமை கூடுதலாக இருந்ததையும் அது சொல்கிறது. எங்கள் நிலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்றால் ஏக்கருக்கு 12,000க்கும் மேல், எட்டு ஏக்கருக்கு ஏறக்குறைய 97,000 கன்றுகள். கன்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றுவதானால், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஏக்கருக்கு இரண்டு நடை, ஒரே ஒரு பாய்ச்சலுக்கு வர வேண்டும். மாசியிலிருந்து ஆடி வரை அந்தத் தண்ணீர் எந்த ஊருணியிலிருந்து வரும் என்று கேட்டபோது கூட்டத்தில் பதில் இல்லை.

பக்கத்து ஊர் ஒன்றில் நான்காம் ஆண்டில் இருக்கும் அடர்வனம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். வெளியிலிருந்து பச்சைச் சுவர்போல அழகாகத்தான் இருந்தது. உள்ளே குனிந்து நுழைந்தால் நீர்மருதும் புங்கமும் மூங்கில் கழிபோல நெடுநெடுவென்று நின்றன. சொட்டுநீர்க் குழாய் வெயிலில் வெடித்துக் கிடந்தது. தரையில் புதிய முளை ஒன்றுகூட இல்லை. நாற்றங்காலில் எளிதாகக் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு வகைகளே அங்கே இருந்தன. நீர்மருது ஆற்றங்கரை மரம். பொட்டலில் அதற்கு என்ன வேலை? வீரையோ காசாவோ ஒன்றுகூட இல்லை. இது முறையின் குறையன்று, செய்தவர்களின் குறை என்று வாதிடலாம்; மியாவாக்கியே இதைக் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் நம் கையில் கிடைக்கப்போவது மியாவாக்கி அல்லர், ஒப்பந்தக்காரர். சென்னைபோல விதை வர வழியே இல்லாத மாநகரத்தில், கால் கிரவுண்டு மூலையில் குப்பை கொட்டுவதைத் தடுத்துப் பசுமை காட்ட இம்முறை பொருத்தமானதே. கோயில்காட்டின் காலடியில் இருக்கும் எட்டு ஏக்கருக்கு இது பொருந்துமா என்பதே என் கேள்வி.

இனி வேளாரின் யோசனை. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்காவின் வடமேற்கே குவானகாஸ்டே என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கும் ஆண்டில் ஆறு மாதம் மழை கிடையாது. அங்கிருந்த உலர்காடும் மாட்டுப் பண்ணைகளுக்காக அழிக்கப்பட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஹராகுவா என்னும் புல் நிலத்தை மூடிக்கொண்டது. அந்தப் புல் கோடைதோறும் தீப்பிடித்து, முளைத்த கன்றுகளையெல்லாம் எரித்துவந்தது. 1980களின் நடுவில் டேனியல் ஜான்சன் என்ற உயிரியலாளரும் அவர் மனைவி வின்னி ஹால்வாக்ஸும் செய்தது பெரிய நடவு அல்ல, தீயை நிறுத்தியதுதான். அந்த வட்டாரத்து மாடு மேய்ப்பவர்களையே சம்பளத்துக்குத் தீக்காவலர்களாக அமர்த்தினார்கள். புல் கட்டுக்குள் இருப்பதற்காக மாடுகளைக்கூடச் சில காலம் மேய விட்டார்கள். காற்று கொண்டுவரும் விதைகள் முதலிலும், பறவையும் விலங்கும் கொண்டுவருபவை பின்னரும் முளைத்து, மேய்ச்சல் நிலம் படிப்படியாகக் காடானது. சுற்றிலும் துண்டுக் காடுகள் மிஞ்சியிருந்ததால் அது முடிந்தது என்று ஜான்சன் வலியுறுத்திவந்தார்.

நம் மழையில் ஏறக்குறைய பாதியே பெய்யும் ஆப்பிரிக்க நாடான நைஜரின் மராதி வட்டாரத்துக் கதை இன்னும் நெருக்கமானது. டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் அங்கே சில ஆண்டுகள் கன்று நட்டு நட்டுச் சலித்துப்போனார், பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983இல் ஒருநாள், வண்டியை நிறுத்திய இடத்தில் புதர் என்று நினைத்ததை உற்றுப் பார்த்தபோது, அது வெட்டுண்ட மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய துளிர் என்று கண்டார். நிலமெங்கும் மண்ணுக்கடியில் உயிருள்ள வேர்கள் இருந்தன. ஆண்டுதோறும் வெட்டப்பட்டதால் அவை தலைதூக்கவில்லை. நல்ல துளிர் இரண்டு மூன்றை விட்டு மற்றவற்றைக் கழித்துக் காக்கும் இந்த எளிய வழியை உழவர்கள் தாங்களே பரப்பியதில், ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. இதைப் படித்தபின் நான் எங்கள் நிலத்தில் கையில் அரிவாளோடு ஒருநாள் காலை முழுவதும் நடந்தேன். தைலமர வரிசைகளுக்கு நடுவே, இருபது ஆண்டுகளாக ஆடு கடித்தும் ஆள் வெட்டியும் முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத காசாப் புதர்களும் வெப்பாலையும் உசிலையும் கோயில்காட்டு விளிம்பிலிருந்து நாற்பது ஐம்பது அடிவரை இருந்தன. அப்பால் தனியாக நிற்கும் வேம்பு ஒன்றின் அடியில் குனிந்து எண்ணினேன்: குருந்தும் காரையும் சூரைமுள்ளுமாகப் பதினேழு முளைகள், வேப்பங்கன்று மூன்றே. கொப்பில் வந்து உட்கார்ந்த கொண்டைக்குருவிகள் எச்சத்தோடு இட்டவை அவை. வேம்பின் நிழலுக்கு வெளியே அப்படி ஒரு முளைகூட இல்லை.

இருந்தாலும் சும்மா இருந்தால் போதும் என்பதை நான் அப்படியே ஏற்கவில்லை. சும்மா இருந்தால் முதலில் வருவது வீரை அல்ல, சீமைக்கருவேலம். அதன் நெற்றை ஆடும் மாடும் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. வேரோடு எடுக்காமல் வெட்டினால் ஒன்று பலவாகக் கிளைக்கும். இயந்திரம் விட்டுப் பிடுங்கினால் கிளறிய மண்ணில் புதைந்திருந்த விதையெல்லாம் முளைக்கும். அதற்கு உள்ள ஒரே பலவீனம் நிழல். மேலே இலைக்கூரை மூடிவிட்டால் அதன் கன்று தேறாது. கோயில்காட்டுக்குள் ஒரு சீமைக்கருவேலம்கூட இல்லாததற்கு ஐயனாரின் சக்தியோடு இதுவும் காரணம். ஆகவே நிழல் மூடும்வரை, மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது ஆள்விட்டு முளைகளைக் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளுக்காவது இந்தக் கூலி உண்டு. தைலமர அடிக்கட்டைகளின் துளிரையும் அதே கையோடு ஒடித்துவர வேண்டும்.

நேரமும் ஒரு குறைதான். கோஸ்டா ரிக்காவின் தென்பகுதியில் கேரன் ஹோல், ரக்கன் சகாவி என்ற ஆய்வாளர்கள் 2004இலிருந்து மூன்று வழிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுவருகிறார்கள்: ஒரு நிலத்தை அப்படியே விட்டார்கள், ஒன்றில் முழுவதும் நட்டார்கள், ஒன்றில் திட்டுத் திட்டாக மட்டும் நட்டு இடைவெளியை இயற்கைக்கு விட்டார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், திட்டு நடவு முழு நடவுக்கு ஏறக்குறைய ஈடாகக் காட்டை மீட்டது; நட்டதோ நிலத்தில் நாலில் ஒரு பங்கு அளவே. அப்படியே விட்ட நிலம் பின்தங்கியது. அது நம்முடையதைவிடப் பன்மடங்கு மழை பெய்யும் மலைச்சாரல் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் திட்டில் நிற்கும் மரத்துக்குப் பறவை வரும், பறவை வந்த இடத்தில் விதை விழும் என்ற விதியை நம் வேப்பமரமே காட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தில் யாரும் சொல்லாத இந்த நான்காவது வழியை நான் சேர்க்கிறேன்.

என் பரிந்துரை இது. கோயில்காட்டை ஒட்டிய மூன்று ஏக்கரில் ஒரு கன்றும் நட வேண்டாம். இருக்கும் புதர்களைக் கழித்துக் காத்தால் போதும். எஞ்சிய ஐந்து ஏக்கரில் கோயில் பந்தல் அளவில் முப்பது திட்டுகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் இருபது முப்பது கன்றுகளை நெருக்கமாக நடலாம். மொத்தம் ஆயிரத்துக்குள் அடங்கும், குடத்தால்கூட ஊற்றிவிடலாம். பறவை விழுங்கக்கூடிய சிறுவிதை மரங்களுக்கு நாம் சிரமப்பட வேண்டியதில்லை. இலுப்பைபோலப் பெருவிதை கொண்டவற்றை மட்டும் நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆனி ஆடியில் விழும் இலுப்பை விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் பொறுக்கிய கையோடு பையில் ஊன்ற வேண்டும். மரப்பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் தமிழக அரசின் திட்டத்தில் கன்றுகள் கிடைக்கின்றன. கொடுப்பதையெல்லாம் வாங்கிக் குத்தாமல் நமக்கு உரியதை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். அடர்வனம் விரும்பும் பங்காளிகளின் மனம் கோணாமல் இருக்க, சாலையோர முனையில் பத்து சென்ட்டில் அதையும் முறையாகச் செய்து, எது எப்படி வளர்கிறது என்று ஊரே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பணத்தில் பெரும்பங்கு வேலிக்குப் போக வேண்டும். எத்தியோப்பியாவின் வடக்கே வயல்களுக்கு நடுவில் ஆயிரக்கணக்கான மாதாகோயில்களைச் சுற்றி மட்டும் காடு நிற்கிறது. ஆண்டுதோறும் மாடு உள்ளே நுழைந்து கன்றுகளை மிதித்ததால் அவையும் சுருங்கிவந்தன. அலெமாயெஹு வாசி என்ற அந்நாட்டு ஆய்வாளரும் மெக் லோமன் என்ற அமெரிக்கரும் பாதிரிமார்களிடம் பேசியபோது, கல்மதில் எழுப்பலாம் என்று முடிவாயிற்று; வயலில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்த கற்களே மதிலாயின. மதிலுக்குள் கன்றுகள் எழுந்தன. நமக்குக் கல்மதில் கட்டுப்படியாகாது. முள்கம்பி முதல் சில ஆண்டுகளுக்கு. அதன் ஓரமாக இப்போதே கிளுவைப் போத்து நட்டால், கம்பி துருப்பிடிக்கும்போது உயிர்வேலி நிற்கும். ஆடு மேய்க்கும் நான்கைந்து குடும்பங்களுக்கு இழப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். உள்ளே புல் அறுத்துச் செல்லும் உரிமையும், சீமைக்கருவேலம் பிடுங்கும் கூலியும் அவர்களுக்கே முதலில் தரப்பட வேண்டும். ஊர் கட்டுப்பாடெல்லாம் இந்தக் காலத்தில் நிற்காது என்று சொல்பவர்கள், திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் கண்மாய்ப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் ஊரே இருந்துவருவதை நேரில் போய்ப் பார்க்கலாம். அங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது 1977இல்.

குத்தகைப் பணம் நின்றுபோகும் என்பதற்கு என்னிடம் முழு விடை இல்லை. முதல் பத்து ஆண்டுகளில் இந்நிலத்திலிருந்து வருமானம் என்று எதுவும் வராது. பிறகும் இலுப்பை விதை, நாவற்பழம், புல் என்று வருபவை கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கும் செலவுக்குத்தான் ஆகும். ஊருணிச் செலவைத் தனிப் புள்ளிவரியாகப் போட வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே கூட்டம் முடிவெடுக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் வேலி முடிந்தாக வேண்டும் என்பதால் அளவெடுக்கும் வேலையைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். வரைபடத்தைப் பார்த்த வேளார் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கிழக்கு வாசலுக்கு நான் எட்டடி விட்டிருந்தேன். புரவி எடுப்பின்போது குதிரையைத் தோளில் சுமந்து வருபவர்கள் பக்கவாட்டில் ஆளோடு ஆள் உரசாமல் திரும்ப வேண்டுமானால் பதினாறடியாவது வேண்டும் என்றார். படத்தில் அதை மாற்றிவிட்டேன்.